யூனிட்டெஸ்ட் ஆவணங்கள் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

பைத்தான் மொழியுடன் சேர்ந்தே வரும் யூனிட்டெஸ்ட், ஸ்மால்டாக்கின் எஸ்யூனிட், ஜாவாவின் ஜேயூனிட் வழியில் வந்த சோதனைச் சட்டகம். 2001இல் வெளியான பைத்தான் 2.1 முதல் அது மொழியின் அடிப்படை நூலகத்தில் இருக்கிறது. அதன் ஆவணத்தில் தகவலுக்குப் பஞ்சமில்லை. சோதனை எதிர்பாராத விதத்தில் நடந்துகொள்ளும்போது தேட வேண்டிய இடத்தில் அந்தத் தகவல் கிடைப்பதில்லை என்பதே குறை.

சோதனை எழுதப் பழகுபவர் முதலில் சந்திப்பவை செட்டப், டேர்டவுன் என்ற இரு முறைகள். ஒன்று ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஓடும், மற்றது பின்னால். செட்டப் பாதியில் பிழையாகி நின்றால் டேர்டவுன் அழைக்கப்படாது. அதற்குள் ஒரு தரவுத்தள இணைப்பு திறந்திருந்தால் அதை மூட ஆளில்லை. அடுத்து ஓடும் சோதனை தன் பிழை எதுவும் இல்லாமலே தோற்கக்கூடும். இதற்கு மாற்று சட்டகத்திலேயே உண்டு. ஆட்கிளீனப் வழியாகப் பதிந்துவைத்த வேலைகள், செட்டப் தோற்றாலும், கடைசியில் பதிந்தது முதலில் என்ற வரிசையில் ஓடிவிடும். அறிமுகப் பகுதி டேர்டவுனைக் கற்றுக்கொடுக்கிறது. ஆட்கிளீனப்போ வெகு கீழே, முறைகளின் நீண்ட பட்டியலில் கிடக்கிறது. இரண்டும் அருகருகே இருக்க வேண்டும்.

பெயரிடுவதிலும் இதே சிக்கல். ‘டெஸ்ட்’ என்று தொடங்காத முறையைச் சட்டகம் சோதனையாகவே எண்ணாது, எச்சரிக்கவும் செய்யாது. ஒரு சோதனைகூட ஓடாவிட்டால் அதைத் தோல்வியாகக் காட்டும் வழக்கம் 2023இல் வந்த 3.12 பதிப்பில்தான் சேர்ந்தது. இருபது சோதனைகளில் ஒன்று மட்டும் விடுபட்டால் இன்றும் பச்சைக்கொடிதான். வரிசையும் எழுத்து முறைப்படியே அமைவதால் டெஸ்ட்_2க்கு முன்பே டெஸ்ட்_10 ஓடிவிடும்.

ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு எடுத்துக்காட்டும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னர் இயக்கிப் பார்க்கப்பட வேண்டும் என்பது இவ்வறிக்கையின் முதன்மைக் கோரிக்கை. இரு மதிப்புகள் சமமா என்று பார்க்கும் முறையின் அசர்ட்ஈக்வல்ஸ் என்ற பழைய பெயர் 3.12இல் நீக்கப்பட்டதும், அதைக் கற்பித்துவந்த பயிற்சிக் குறிப்புகள் ஒரேயடியாகச் செல்லாமல் போயின. எடுத்துக்காட்டுகளை இயக்கிச் சரிபார்க்கும் டாக்டெஸ்ட் அடிப்படை நூலகத்திலேயே இருக்கிறது. முடிவில் அச்சாகும் ஓடிய நேரம் ஒவ்வொரு முறையும் மாறுமே என்ற தடைக்கு, மாறும் பகுதியை விட்டுவிட்டு ஒப்பிடும் அதன் எலிப்சிஸ் தேர்வு விடை தருகிறது. யூனிட்டெஸ்ட் தன் முடிவுகளைப் பிழை வெளியீட்டில் எழுதுவதால் டாக்டெஸ்ட் அவற்றைக் காண்பதில்லை என்பது உண்மை; சோதனையை ஓட்டும் ரன்னருக்கு வழக்கமான வெளியீட்டைக் காட்டிவிட்டால் அதுவும் தீரும்.

பைடெஸ்ட் என்ற வேறொரு சோதனைச் சட்டகம் வந்துவிட்ட பிறகு இந்த உழைப்பு வீண் என்ற வாதத்தை இவ்வறிக்கை ஏற்கவில்லை. யூனிட்டெஸ்டில் எழுதிய சோதனைகளைப் பைடெஸ்டும் ஓட்டுகிறது. பைத்தானின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தானின் சொந்தச் சோதனைகளே யூனிட்டெஸ்டில்தான் எழுதப்படுகின்றன. எனவே சட்டகத்தின் நடத்தையை மாற்றும் எந்த நிரல் திருத்தமும், அதற்குரிய ஆவணத் திருத்தம் உடன் வராதவரை ஏற்கப்படக் கூடாது. ஆவணப் பிழையும் நிரல் பிழைக்குரிய அதே பட்டியலில், அதே முன்னுரிமை விதிகளுடன் பதியப்பட வேண்டும்.