மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர்

இளைஞர்களின் மனநலம் பற்றிய கூட்டங்களில் தவறாமல் ஓர் அறிவுரை வரும்: மனம்விட்டுப் பேசுங்கள். எந்த ஊர்க்காரராக, எந்தப் பெயரில் பேசுவது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலுள்ள ஏலமலையிலும் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

விடியுமுன் போடியிலிருந்து புறப்படும் ஜீப்புகள் போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத் தோட்டங்களுக்குப் போகின்றன. காய் எடுக்கப் போகிறவர்களில் தலித் பெண்கள் ஏராளம். கல்லூரி விடுமுறையில் பிள்ளைகளும் ஏறிக்கொள்வார்கள். மேலே அவர்கள் 'பாண்டி'. மாலையில் கீழே இறங்கினால் 'காலனி'. அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்லது. ஆனால் 1989இல் சாதிக் கலவரம் கண்ட ஊர் இது. ஊர் வாயிலிருந்து அது நீங்க ஓர் ஆணை போதாது.

தினமும் இறங்கி வருபவர்களிடமாவது தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. தோட்டத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் நிலை வேறு. கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற, குடியரசுத் தலைவர் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பிருந்தே குடும்பம் அங்கு நிரந்தரமாக வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். லயத்தில் வசித்தவர்களிடம் என்ன பத்திரம் இருக்கும்? லயம் முதலாளியுடையது, நிலமும் அவருடையது, பேர் எழுதும் பதிவேடும் அவருடையது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதிச் சலுகை இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. தாத்தா சேரியிலிருந்து மலையேறினார். பேரன் கல்லூரி விண்ணப்பத்தில் பொதுப்பிரிவு. அவன் சாதி டீக்கடைக்குத் தெரியும், தாலுகா அலுவலகத்துக்குத்தான் தெரியாது.

கள ஆய்வில் சந்தித்த ஒரு மாணவி சொன்னாள்: "ஹாஸ்டல்ல எந்த ஊருன்னு கேட்டா, எதைச் சொன்னாலும் பொய் சொல்ற மாதிரியே இருக்குக்கா." மாதக்கணக்கில் தூக்கமில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள், கொஞ்சம் தேவலை என்கிறாள். மருந்தையோ ஆலோசனையையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்; தேவைப்படுகிறவர்கள் கட்டாயம் பேச வேண்டும். ஆனால் அவளுடைய தூக்கத்தைக் கெடுத்ததில் ஒரு பங்கு தாலுகா அலுவலகத்துக்கும் உண்டு. அதை எந்த மருத்துவச் சீட்டும் எழுதாது.

இது புதிதுமல்ல. உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது, பேச்சைப் பல்கலைக்கழகத்தின் மீதிருந்து அவருடைய சாதிச் சான்றிதழின் மீது திருப்பினார்கள். 2024இல் வழக்கை முடிக்கத் தெலங்கானா காவல்துறை கொடுத்த அறிக்கையும் அவர் தலித் இல்லை என்றுதான் சொன்னது. ஒருவரின் துயரம் நம்பப்பட வேண்டுமானால்கூட முத்திரை குத்திய தாள் வேண்டியிருக்கிறது. என்னைப் போன்ற ஆய்வு மாணவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

முல்லைப்பெரியாறு தண்ணீருக்காக இரு மாநில அதிகாரிகளும் எத்தனையோ முறை கூடியிருக்கிறார்கள். 2011 டிசம்பரில் அந்தச் சிக்கல் முற்றியபோது மலையிலிருந்து உயிருக்குப் பயந்து இறங்கி ஓடிவந்தவர்கள் இந்தத் தொழிலாளர்கள்தான். இவர்களுடைய பிள்ளைகளின் தாளுக்காகவும் ஒருமுறை கூடலாம். வருங்கால வைப்புநிதிக் கணக்கு, பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு ஆகியவற்றைக் குடியிருப்புக்கான ஆதாரமாக ஏற்கலாம். பத்திரமில்லாத குடும்பங்களை நேரில் விசாரித்துச் சான்று தரலாம். தேனி, இடுக்கி ஆட்சியர்கள் அடுத்த கல்லூரிச் சேர்க்கைக்குள் இதைத் தொடங்க வேண்டும்.