சாந்தோம் கடலும் சமையலறை உப்பும்

சாந்தோம் லூப் ரோட்டில் காலையில் நடக்க வருகிறவர்களிடம் தைராய்டு என்று பேச்செடுத்தால் போதும். "நம்ம காலத்துல யாருக்குங்க தைராய்டு இருந்துச்சு? பாக்கெட் உப்பு வந்த அப்புறம்தான் எல்லாம். கடலோரத்துல இருக்கறவங்களுக்கு அயோடின் எதுக்கு? காத்துலயே இருக்கு." வேறு வேறு வாயிலிருந்து இதே வாசகத்தைப் பல வருடமாகக் கேட்டுவிட்டேன்.

வெறும் பேச்சாக இருந்தால் விட்டிருப்பேன். எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்குப் போன வருடம் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. மறுநாளே பாக்கெட் உப்பை நிறுத்திவிட்டு, அயோடின் சேராத மூட்டைக் கல் உப்புக்கு மாறினார். அதே அடுப்பில் சமைத்ததைத்தான் நாலு மாதக் கர்ப்பிணியான அவர் மகளும் சாப்பிடுகிறாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காற்று. கடற்காற்றில் அயோடின் உண்டு, பொய்யில்லை. ஆனால் நாள் முழுக்க இழுக்கும் மூச்சிலிருந்து ஒரு மைக்ரோகிராம் தேறுவதே பெரிது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். கடற்பாசி குவிந்து அழுகும் அயர்லாந்துக் கரைகள் சிலவற்றில் காற்றின் பங்கு சற்றுக் கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். பட்டினப்பாக்கத்து மணல் அப்படிப்பட்ட கரையல்ல.

அடுத்தது கல் உப்பு. "கடல்லேர்ந்துதானே வருது, அதுல இல்லாத அயோடினா?" என்ற கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல் நீரில் உப்பு ஏறக்குறைய 35 கிராம்; அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். அந்த அயோடினில் ஒரு துளிகூட வீணாகாமல் உப்போடு ஒட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 10 கிராம் உப்பில் கிடைப்பது 17 மைக்ரோகிராம்தான். உண்மையில் அதுவும் கிடைக்காது. உப்பளத்துப் பாத்தியில் உப்புப் படிகம் விளையும்போது அயோடினில் பெரும்பகுதி, கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடுகிறது, கொஞ்சம் ஆவியாகிறது. கடலின் அயோடின் கடலிலேயே தங்கிவிட, நம் கைக்கு உப்பு மட்டும் வருகிறது. பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் இந்துப்பின் கதையும் இதுதான். நிறம் அழகாக இருக்கிறது, கருவில் வளரும் குழந்தைக்குப் போதுமான அயோடின் அதில் இல்லை.

மீன் விஷயத்தில் எதிர்த்தரப்புக்குப் பாதி நியாயம் உண்டு. கடல் மீனிலும் இறாலிலும் அயோடின் இருக்கிறது. நொச்சிக்குப்பத்தில் தினமும் மீன் குழம்பு வைக்கும் வீட்டுக்கு ஓரளவு கிடைக்கும். ஆனால் மீனுக்கு மீன் அளவு மாறும். விலை ஏறும் நாட்களில் சட்டியில் விழும் துண்டும் குறையும். கச்சேரி ரோட்டில் பத்து நிமிடம் மேற்கே நடந்தால் மயிலாப்பூர். அங்கே அதே கடற்காற்று வீசும் எத்தனையோ வீடுகளில் மீன் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. கடல் பக்கத்தில் இருப்பதும், கடல் தட்டுக்கு வருவதும் வேறு வேறு.

இதற்கு இலங்கையை விடப் பெரிய சாட்சி கிடையாது. நாலா புறமும் கடல் சூழ்ந்த தீவு. 1980களில் அங்கே பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்கு, அயோடின் குறைவின் அடையாளமான முன்கழுத்துக் கழலை இருந்தது. அதிலும் மிக மோசம் களுத்துறை மாவட்டம். அங்கே நூற்றுக்கு 30 பேர். களுத்துறை மலைநாடல்ல, மேற்குக் கரையில் அலை வந்து மோதும் ஊர். அடைமழை பெய்கிற மண்ணிலிருந்து அயோடின் கரைந்து ஓடிவிடுகிறது. அந்த மண்ணில் விளையும் காய்க்கும் அரிசிக்கும் ஏதும் மிஞ்சுவதில்லை. நம் நாட்டிலும் வங்காளத்தின் சுந்தரவனக் கழிமுகத்தில் கழலையைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

"பாக்கெட் உப்பு வந்த பிறகுதான் தைராய்டு வந்தது" என்பது இரண்டாவது வாதம். உலகில் அயோடின் உப்பை முதலில் பரவலாக விற்கத் தொடங்கியது சுவிட்சர்லாந்து, 1922-இல். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1912-இல், ஜப்பானில் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர் நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, வெள்ளணுக்கள் அடர்ந்து கிடப்பதை எழுதி வைத்தார். இன்று நம் ஊர்ப் பெண்கள் மருத்துவச் சீட்டில் பார்க்கும் ஹாஷிமோட்டோ என்ற பெயர் அவருடையது. உடம்பின் எதிர்ப்பாற்றலே சொந்தச் சுரப்பியைத் தாக்குகிறது என்பதை 1956-இல் லண்டனிலும் அமெரிக்காவின் பஃபலோவிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். நோய் பழையது.

புதிதாக வந்தது ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் துளியினும் துளியாக இருக்கும் ஹார்மோனைக் கதிரியக்க முறையில் அளக்கும் வழியை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில்தான் உலகுக்குச் சொன்னார்கள். அதற்காக யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோனின் அளவை நுட்பமாகக் காட்டும் சோதனைகள் 1980களுக்குப் பிறகே பரவின. தெருவுக்கு ஒரு லேப் வந்தது அதற்கும் வெகு காலம் கழித்து. அதற்கு முன் இதே நோயோடு வாழ்ந்த நம் பாட்டிகளுக்கு என்ன பெயர் வைத்தோம்? ஒருத்தி சோம்பேறி. ஒருத்திக்கு உடம்பு ஊதிப்போச்சு. ஒருத்திக்குக் கரு தங்கவில்லை, அவள் ராசி சரியில்லை. அந்தப் பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது. "நம்ம காலத்துல இல்ல" என்று சொல்லும்போது அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்து அழிக்கிறோம்.

சென்னையையும் சேர்த்து எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் நூற்றுக்கு 22 பேரின் ரத்தத்தில் தென்பட்டது. உள்நாட்டு நகரங்களில் நோய் சற்றுக் கூடுதல், கரையோர நகரங்களில் சற்றுக் குறைவு. ஆனால் அந்த இடைவெளி இரண்டு சதவீதத்தைச் சுற்றித்தான். கடலோரம் பெரிய கவசம் எதையும் தந்துவிடவில்லை.

எதிர்த்தரப்பின் கையில் உள்ள ஒரு நல்ல சீட்டையும் மறைக்க மாட்டேன். அயோடின் கூடினால் தைராய்டு குறைவு சிறிதளவு கூடுவது உண்மை. டென்மார்க்கில் 2000 வாக்கில் உப்பில் அயோடின் சேர்த்தபின் அதை நேரடியாகவே கண்காணித்துப் பதிவு செய்தார்கள். அயோடின் ஏறிய தைராய்டுப் புரதம் எதிர்ப்பாற்றலின் கண்ணில் கூடுதலாகப் படுகிறது என்று எலிகளிலும் காட்டியிருக்கிறார்கள். ஜப்பானின் ஹொக்கைடோக் கரையில் கடற்பாசியை அளவின்றித் தின்றவர்களுக்கே கழலை வந்தது. ஆனால் இப்படிக் கூடும் தைராய்டு குறைவு பெரும்பாலும் லேசானது, ஒரு மாத்திரையில் சரியாகக்கூடியது. அயோடின் இல்லாமல் கருவில் மங்கிப்போன மூளையைப் பிறகு எந்த மாத்திரையாலும் மீட்க முடியாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

"தைராய்டு இருக்கறவங்க அயோடின் உப்பைத் தொடக்கூடாது" என்பது மூன்றாவது. அக்கா தினமும் வெறும் வயிற்றில் போடும் தைராக்சின் மாத்திரையின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. எடையில் மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான். 100 மைக்ரோகிராம் மாத்திரையில் சுமார் 65 மைக்ரோகிராம் அயோடின். உப்பில் வந்தால் விஷம், மாத்திரையில் வந்தால் மருந்து என்று எப்படிச் சொல்வது? இந்தப் பேச்சின் வேர் எங்கே என்று யோசித்திருக்கிறேன். தைராய்டுப் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன் ஓரிரு வாரம் அயோடின் குறைந்த உணவு சாப்பிடச் சொல்வார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு சிகிச்சைக்காகச் சொன்ன பத்தியம், காது மாறி வாய் மாறி எல்லோருக்குமான விதியாகிவிட்டது போலும்.

கடைசியாக, "எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்". சிறு உப்பளக்காரர்களின் மனக்குறை எனக்குப் புரிகிறது. வேதாரண்யத்தில் உப்புக்காகவே சிறை போன மண் இது. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்க விதித்த தடை 2000-இல் விலகி, 2006-இல் திரும்ப வந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியே செல்லாது என்றது. ஆனாலும் பொது நலன் கருதிச் சில மாதம் தொடரவிட்டது, அதற்குள் புதிய உணவுப் பாதுகாப்பு விதிகள் அந்த இடத்துக்கு வந்தன. கட்டாயம் சரியா என்று வாதிடலாம், வாதிட வேண்டும். ஆனால் அயோடின் உப்பின் பயனை நிரூபித்தது எந்தக் கம்பெனியும் அல்ல. 1956-இல் இமயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசாமியும் தோழர்களும் அதைச் செய்து காட்டினார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. ஆறு வருடத்தில் முதல் இரண்டிலும் கழலை பாதியாகவும் அதற்குக் கீழும் இறங்கியது. சாதா உப்புப் பகுதியில் இருந்தது இருந்தபடியே. பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கும் குறைந்தது. தமிழ்நாட்டிலோ ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் அரசின் உப்புக் கழகமே அயோடின் உப்பு தயாரித்து விற்கிறது.

இவ்வளவு இருந்தும், 2018-19 தேசியக் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பில் சமைக்கும் வீடுகள் நாட்டில் 76 சதவீதம், தமிழ்நாட்டில் 62. மாநிலங்களிலேயே கடைசி. இத்தனை நீளக் கடற்கரையை வைத்துக்கொண்டு கடைசி.

போன ஞாயிறு அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து இந்தக் கணக்கையெல்லாம் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும், முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தச் சுரப்பு கிடையாது, தாயினுடையதை வாங்கித்தான் மூளையே வளர்கிறது என்றபோது மகள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கல் உப்பு போட்டாத்தான் எனக்கு ரசம் ருசிக்கும். கல் உப்புலயே அயோடின் போட்டு வருமா?" என்று கேட்டார். வரும், மளிகைக் கடையிலேயே கிடைக்கும், பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள் என்றேன். அழுக்கு போக அலசக் கூடாது, மூடி போட்ட பாத்திரத்தில் அடுப்பை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும், கூடியவரை இறக்கும் நேரத்தில் போட வேண்டும். மகள் எழுந்து, ஜன்னலோரம் திறந்து கிடந்த உப்பு ஜாடிக்கு மூடி தேடப் போனாள்.