காதுகளைப் பொத்திக்கொண்ட பிள்ளை



இம்மாதம் நான் எழுதப்போவது பல ஆண்டுகளாக எழுதத் தயங்கிய ஒரு காரியம். இதில் என் தவறும் அடங்கியிருப்பதே அந்தத் தயக்கத்திற்குக் காரணம். சம்பந்தப்பட்ட பெற்றோரின் அனுமதியோடும், அவர்களுடைய பெயர்களைச் சொல்லாமலும் எழுதுகிறேன்.

2009-ஆம் ஆண்டு. நெல்லைச் சீமையிலிருந்து வேலை நிமித்தமாகக் கொல்கத்தாவுக்கு வந்து, லேக் மார்க்கெட் பகுதியில் குடியிருந்த ஒரு குடும்பம் நம் சபைக்கு வரத் தொடங்கியது. தகப்பன், தாய், எட்டு வயது மகன், மூன்று வயது மகள். பையன் நன்றாகப் பேசுவான். வயதுக்கு மீறிய சொற்களையும் பேசுவான். டம் டம் முதல் டாலிகஞ்ச் வரை மெட்ரோ நிலையங்களின் பெயர்களை முன்னும் பின்னுமாக ஒப்புவிப்பான். அந்த ஆண்டு மெட்ரோ பாதையை நீட்டித்தபோது டாலிகஞ்ச் நிலையத்திற்கு மகாநாயக் உத்தம் குமார் என்று பெயர் மாற்றினார்கள். ஊருக்கு அது ஒரு நாள் செய்தி. அந்தப் பிள்ளைக்கோ வீடு இடிந்துபோனது போலாயிற்று. இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தாயார் பிற்பாடு சொன்னார்கள்.

ஆராதனையில் டிரம்ஸ் தொடங்கியவுடன் அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு நாற்காலியின் கீழே போய்விடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கினி இறங்க வேண்டும் என்று நான் உரத்த சத்தமாய்ப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். மறுகணம் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "தீ! தீ!" என்று கத்தியபடி வாசலுக்கு ஓடினான். சிலர் சிரித்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். இன்று நினைத்துப்பார்த்தால், அந்த மண்டபத்தில் நான் சொன்னதை அப்படியே நம்பியவன் அவன் ஒருவனே. நம்பியதும் அவன் முதலாவது செய்தது தங்கையைத் தப்புவிக்க ஓடியது.

அன்று எனக்கு அது புரியவில்லை. துதிச் சத்தத்தைக் கேட்க முடியாமல் காதைப் பொத்துகிறவனுக்குள் வேறொரு ஆவி இருக்க வேண்டும் என்று மூப்பர் ஒருவர் சொன்னார். நானும் அதற்கு இணங்கினேன். தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமைகள் உபவாச ஜெபத்தில் அவனை நடுவில் உட்காரவைத்து, பலர் கைகளை வைத்து ஜெபித்தோம். தொடுதலையே தாங்க முடியாத பிள்ளை அவன். அலறினான், கடித்தான், வாந்தியெடுத்தான். அவையெல்லாம் விடுதலையின் அடையாளங்கள் என்று எண்ணி, இன்னும் பலமாக ஜெபித்தோம். பெற்றோரைத் தனியே அழைத்து, அறிக்கை செய்யாத பாவம் ஏதாகிலும் உண்டா என்று கேட்டவனும் நானே. நான்காம் வாரம் அவர்கள் வரவில்லை. பின்வாங்கிப்போனார்கள் என்று சபைக் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

வேதாகமக் கல்லூரியில் யோவான் 9-ஆம் அதிகாரத்தைப் பற்றி நான் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறேன். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். அதைப் படித்துத் தேறி, மதிப்பெண்ணும் வாங்கியவன், அந்தத் தாயினிடத்தில் சீஷர்களின் கேள்வியையே கேட்டேன்.

ஏறக்குறைய பத்து மாதங்களுக்குப் பின் என் மனைவியின் வற்புறுத்தலால் அந்த வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்த சகோதரியின் முகத்தில் நான் எதிர்பார்த்த கசப்பு இல்லை. சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. காலை எழுவது முதல் இரவு படுப்பது வரை அன்றைய காரியங்கள் ஒவ்வொன்றும் படத்தோடு வரிசையாய் எழுதப்பட்டிருந்தன. "இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்றேன். "இன்னொரு அம்மா, பாஸ்டர்" என்றார்கள்.

நடந்தது இதுதான். 2010-இல் 'மை நேம் இஸ் கான்' என்ற இந்தித் திரைப்படம் வந்தது. அதன் கதாநாயகனுக்கு ஆஸ்பெர்கர் என்னும் நிலை இருப்பதாகக் கதை. நம்மில் அநேகர் திரைப்படம் பார்ப்பதில்லை; இச்சகோதரியும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு வந்த அடுத்த வீட்டு வங்காளிப் பெண்மணிதான், "உங்கள் பிள்ளையும் அப்படித்தானே பேசுகிறான், ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். கர்த்தர் எதையெல்லாம் பயன்படுத்துகிறார் பாருங்கள். மருத்துவரின் காத்திருப்பு அறையில் இவர்கள் இரண்டு தாய்மாரைச் சந்தித்தார்கள். ஒருவர் கரியாவில் குடியிருந்த வங்காளி ஆசிரியை, மற்றவர் மலையாள நர்ஸ். மூவரும் தொலைபேசி எண்களை வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் உறங்கிய பிறகு இரவு பதினொரு மணிக்கு ஒருவரையொருவர் அழைத்துப் பேசுவது வழக்கமாயிற்று.

என்ன பேசினார்கள்? சட்டைக் காலரில் உறுத்தும் துணிச்சீட்டை வெட்டிவிட்டால் பள்ளிக்குப் புறப்படும் காலைச் சண்டை பாதியாய்க் குறையும். குக்கர் விசில் வருமுன் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு காரியத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுமுன் ஐந்து நிமிடம் முன்னதாக அறிவிக்க வேண்டும். துர்கா பூஜை நாட்களில் டாக் மேளமும் ஒலிபெருக்கியும் தெருவை நிரப்பும், காளி பூஜைக்கு வெடி. அந்நாட்களில் எந்த அறையில், எந்த ஜன்னலை அடைத்து, எப்படிப் பிள்ளையை வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இவற்றில் ஒன்றையும் எனக்குக் கல்லூரியில் கற்பித்ததில்லை. மருத்துவரும் பதினைந்து நிமிடத்தில் இவ்வளவையும் சொல்லிவிட முடியாது. ஒரே பாதையில் இரண்டு ஆண்டுகள் முன்னால் நடந்தவருக்குத்தான் இவை தெரியும்.

"பாஸ்டர், அந்த டீச்சர் அக்கா முதல் நாள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினாய் என்று கேட்டார்கள். சபையில் யாரும் என்னை அதைக் கேட்கவில்லை" என்றார்கள் அந்தச் சகோதரி. குற்றஞ்சாட்டும் குரலில் அல்ல, சாதாரணமாகவே சொன்னார்கள். நான் அவர்களிடத்திலும் அவருடைய கணவரிடத்திலும் மன்னிப்புக் கேட்டேன். பையனிடமும் கேட்டேன். "எத்தனை வெள்ளிக்கிழமைக்கு?" என்று கேட்டான். மூன்று என்றேன். சரி என்றான்.

அதன்பின்தான் நான் இதைக் குறித்து வாசிக்கத் தொடங்கினேன். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு பிள்ளைகளை ஆராய்ந்து ஆட்டிசம் குறித்து எழுதினார். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசியும் பிறரோடு பழகத் தெரியாத நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதினார். அவருடைய பெயரை 1981-இல் ஆங்கில உலகில் பரப்பியவர் லோர்னா விங் என்னும் ஆங்கிலேய மருத்துவர். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இப்பெயரைத் தனியாக வைக்காமல் ஆட்டிசத்தின் விரிந்த வரிசைக்குள் சேர்த்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் 2022 முதல் அப்படியே. ஹிட்லர் ஆட்சியில் ஆஸ்பெர்கர் சில பிள்ளைகளை, ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட ஸ்பீகல்கிரண்ட் என்னும் நிலையத்திற்கு அனுப்பியதை 2018-இல் ஒரு வரலாற்றாசிரியர் ஆவணங்களோடு வெளிப்படுத்தினார். ஆகவே அப்பெயரை விரும்பாதவர்கள் உண்டு. ஆயினும் பழைய சான்றிதழ்களில் அப்பெயரே இருப்பதால், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இந்த வரலாற்றில் என்னைத் தொட்டது வேறொன்று. லோர்னா விங் தாமே ஆட்டிசமுள்ள ஒரு மகளின் தாய். 1962-இல் இங்கிலாந்தில் இப்பிள்ளைகளுக்கான சங்கத்தை மற்றப் பெற்றோரோடு சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவர். அன்பற்ற தாயினாலேயே ஆட்டிசம் வருகிறது என்று பெரிய நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1964-இல் அதை எதிர்த்துப் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட் அத்தகைய ஒரு மகனின் தகப்பன். நம் நாட்டில் 1991-இல் டில்லியில் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மேரி பருவாவும் ஒரு தாய். நம் கொல்கத்தாவின் 'ஆட்டிசம் சொசைட்டி வெஸ்ட் பெங்கால்' பெற்றோர் எழுப்பிய அமைப்பே. எங்கும் ஒரு தாயோ தகப்பனோதான் முதலில் கதவைத் தட்டியிருக்கிறார்கள். தேவன் நமக்குத் தந்த ஆறுதலினாலே மற்றவரை ஆறுதல்படுத்தும்படிக்கே அதைத் தந்தார் என்று பவுல் எழுதுகிற 2 கொரிந்தியர் 1:4-ஐ நான் துக்க வீடுகளில் மாத்திரம் பிரசங்கித்து வந்தேன்.

பிரியமானவர்களே, சிலர் இவ்விடத்தில் கேட்பீர்கள்: அப்படியானால் பாஸ்டர் தெய்வீக சுகத்தை விட்டுவிட்டாரா? இல்லை. கர்த்தர் சுகமளிக்கிறவர் என்பதை இன்றும் பிரசங்கிக்கிறேன், அந்த வீட்டிற்காக இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் மத்தேயு 4:24-ஐக் கவனமாய் வாசியுங்கள். வியாதியஸ்தரும் பிசாசு பிடித்தவர்களும் அங்கே தனித்தனியே சொல்லப்படுகிறார்கள். சுவிசேஷகன் பிரித்து எழுதியதை நாம் ஒன்றாகக் கலக்க அதிகாரமில்லை. மூளை வளரும் விதத்திலேயே பிறப்பிலிருந்து உண்டான ஒரு வேறுபாடு இது. இதில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு; வளர்ப்புக் குறையினால் வருவதல்ல. மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நான்குபேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் கண்டது சுமந்தவர்களின் விசுவாசத்தை. நாங்களோ சுமக்காமல், படுத்திருந்தவனைச் சுற்றி நின்று சத்தமிட்டோம்.

வெளியூரில் பிழைக்கும் நமக்குச் சில தனிக் கஷ்டங்கள் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் வங்காளமும் இந்தியும். பிள்ளை பழகத் தடுமாறினால், பாஷைக் குழப்பம்தான், சரியாகிவிடும் என்று ஆண்டுகளைக் கடத்திவிடுகிறோம். வேறு சிலர் தமிழை நிறுத்துங்கள் என்று ஆலோசனை சொல்லுகிறார்கள். பல மொழி கேட்பதால் ஆட்டிசம் உண்டாவதில்லை. அதனால் இப்பிள்ளைகளின் பேச்சு மேலும் பின்தங்குவதாக ஆராய்ச்சிகளும் காட்டவில்லை. தாய் தாராளமாய்க் கொஞ்சக்கூடிய மொழியை நிறுத்த வேண்டாம். பாட்டியோடு பேச அவனுக்கு அந்த ஒரு மொழிதானே உண்டு.

மற்றொன்று ஊருக்கு மறைப்பது. தங்கையின் கலியாணத்துக்குத் தடையாகும் என்று பயந்து, சென்னை மெயிலில் ஏறும்போதே இதைக் குறித்துப் பேசக்கூடாது என்று கணவனும் மனைவியும் ஒப்பந்தம் செய்துகொள்ளுகிறார்கள். ஊரில் எல்லாருக்கும் முன்பாகப் பிள்ளை தரையில் புரண்டு அழும்போது அடங்காப்பிள்ளை என்ற பட்டம் கிடைக்கிறது. தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை: ஓவர்டைம் என்று சொல்லி வீட்டுக்குத் தாமதமாய் வருகிறவர்கள் உங்களில் உண்டு என்பதை நான் அறிவேன். பயமாயிருந்தால் பயம் என்று மனைவியிடம் சொல்லுங்கள்.

காகிதக் காரியங்களையும் அசட்டை செய்யாதேயுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழும் அடையாள அட்டையும் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு. சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று அஞ்சிய ஒரு குடும்பம், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என்னிடம் ஓடிவந்தது. அதற்குள் அலைந்து வாங்க முடியவில்லை.

நம் சபையில் செய்த மாற்றங்கள் சிறியவை. டிரம்ஸ் பக்கத்து ஒலிபெருக்கியைத் திருப்பிவைத்தோம். கதவோரத்தில் நான்கு நாற்காலிகளை ஒதுக்கினோம். ஆராதனையின் ஒழுங்கை ஒரு தாளில் எழுதி முன்னதாகவே கொடுக்கிறோம். கேளாமல் எந்தப் பிள்ளையின் தலைமேலும் கை வைப்பதில்லை. இதனால் அபிஷேகம் குறைந்துபோகும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இருவர் சபை மாறியும் போனார்கள்.

அந்தப் பிள்ளை இன்று வாலிபன். ஓர் அச்சகத்தில் அரை நாள் பிழை திருத்துகிறான். இத்தகைய எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு மேதையாய் வருவார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேச்சே வராத பிள்ளைகளின் பெற்றோர் நம் நடுவில் உண்டு, அவர்களுடைய பாரம் வேறு. இவனுக்கும் இன்றுவரை பேருந்தில் தனியே போவது கடினம். பிரசங்கத்தின் நடுவில் நான் வசன எண்ணைத் தவறாகச் சொன்னால் எழுந்து திருத்துகிறான். இதுவரை அவன் திருத்தியதில் பிழை கண்டதில்லை.

அவனுடைய தாயாரும் அந்த ஆசிரியை அம்மாவும் சேர்ந்து மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை மாலை நம் சபை அறையில் பெற்றோரைக் கூட்டிப் பேசுகிறார்கள். பிரசங்கம் கிடையாது, தொடக்கத்தில் ஒரு சிறு ஜெபம் மாத்திரம், அதிலும் விருப்பமில்லாதவர்கள் பிந்தி வரலாம். தமிழ், வங்காளம், இந்தி எதுவானாலும் பேசலாம், தேநீரும் முரியும் உண்டு. முன்னதாகச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளையும் அழைத்து வரலாம். அன்று ஒலிபெருக்கி போடுவதில்லை.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் போதகர்