ஆஸ்பத்திரி பராமரிப்பு டெண்டர்: தோற்ற நிறுவனம் கோர்ட்டுக்குப் போனால் என்ன நடக்கும்?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. ஊர்க்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் மட்டுமில்லை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் இருந்தும் நோயாளிகள் வந்து சேரும் இடம். அங்கே வார்டைக் கூட்டித் துடைப்பதும், வாசலில் செக்யூரிட்டியாக நிற்பதும் பெரும்பாலும் அரசு ஊழியர்கள் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். சம்பளப் பிரச்சினைக்காக இவர்கள் வேலையை நிறுத்தியது ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை.

இந்த வேலை எந்த நிறுவனத்துக்கு என்பதை முடிவு செய்வது டெண்டர். மாநிலம் முழுக்க உள்ள அரசு மருத்துவமனைகளுக்கான தூய்மை, பாதுகாப்புப் பணி டெண்டர்களை நடத்துவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருந்து வாங்குவதற்காக 1994-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம்தான் இது. தொகை பெரியது, காலம் நீண்டது. அதனால் ஒருவர் ஜெயித்தால், தோற்றவர் சும்மா இருப்பதில்லை.

பராமரிப்பு என்றால் துடைப்பமும் பினாயிலும் மட்டும்தானே என்று தோன்றலாம். 2019 மே 7-ம் தேதி மாலை, இதே ஆஸ்பத்திரியில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. வென்டிலேட்டரில் இருந்த 3 நோயாளிகள் இறந்தார்கள். மின்தடைதான் காரணம் என்று உறவினர்கள் சொன்னார்கள், இல்லவே இல்லை என்று நிர்வாகம் மறுத்தது. பராமரிப்பு என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு அந்த ஒரு மாலை போதும்.

கையில் 10 நாள்தான்

டெண்டர் முடிவை எதிர்ப்பவர் முதலில் எடுக்க வேண்டியது 1998-ம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம். இதன் 11-வது பிரிவுப்படி, முடிவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

10-வது பிரிவில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. யாருக்கு டெண்டர் கிடைத்தது, மற்றவர்கள் ஏன் நிராகரிக்கப்பட்டார்கள் என்பதை டெண்டர் அறிவிப்பிதழுக்கு அனுப்பியாக வேண்டும். 'உங்கள் டெண்டர் தகுதி பெறவில்லை' என்ற ஒற்றை வரி போதாது, காரணம் வேண்டும். தோற்றவருக்கு முதல் பிடி இதுதான்.

ஆனால் ஒன்று. 'இவ்வளவு டர்ன்ஓவர் வேண்டும், இத்தனை படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் அனுபவம் வேண்டும்' என்ற நிபந்தனையே ஒருவருக்காகத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது என்றால், அதை டெண்டர் போடுவதற்கு முன்பே எதிர்க்க வேண்டும். நிபந்தனையை ஏற்றுக் கலந்துகொண்டு, தோற்ற பிறகு அதையே குறை சொன்னால் நீதிமன்றங்கள் பொதுவாகக் காது கொடுப்பதில்லை. நிஜமான சண்டை பல நேரம் விலை திறக்கும் நாளில் நடப்பதில்லை. அதற்கு முன்பே, நிபந்தனை எழுதும் மேசையிலேயே முடிந்துவிடுகிறது.

கோர்ட் எதைப் பார்க்கும்?

அரசு மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டால் அடுத்த படி ரிட் மனு. மதுரையில் அதற்கு உயர் நீதிமன்றக் கிளையே இருக்கிறது, 2004 ஜூலையில் இருந்து.

எந்த நிறுவனம் நன்றாகத் துடைக்கும் என்று நீதிபதி பார்க்க மாட்டார். 1994-ல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு போட்டுக் கொடுத்துவிட்டது: முடிவு சரியா தப்பா என்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை, முடிவெடுத்த விதம் நேர்மையா என்பதுதான் கேள்வி. 2006 டிசம்பரில் ஜகதீஷ் மண்டல் வழக்கில் இது இன்னும் இறுகியது. ஒருவருக்குச் சாதகமாக நடந்தார்களா, பொறுப்புள்ள எந்த அதிகாரியும் எடுக்க முடியாத முடிவா, பொதுநலன் பாதிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் தலையிடக் கூடாது.

இதையெல்லாம் தாண்டி ஜெயித்தாலும் வேலை கிடைக்குமா? 1979-ல் வந்த ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு இதற்குப் பாடம். பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த 5 வருட அனுபவம் வேண்டும் என்று டெண்டரில் போட்டார்கள். அந்தத் தகுதி இல்லாதவருக்கே கொடுத்தார்கள். தான் வைத்த நிபந்தனையை அரசு அமைப்பே மீறக் கூடாது என்று நீதிபதி பகவதி தெளிவாக எழுதினார். இன்றுவரை டெண்டர் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு. ஆனால் ஒப்பந்தம் ரத்தாகவில்லை! மனுதாரர் வந்தது ஐந்து மாதங்களுக்கு மேல் கழித்து, அதற்குள் எதிர்த்தரப்பு கடையை அமைக்கப் பணம் செலவழித்துவிட்டது. மனுவின் நோக்கத்திலும் நீதிமன்றத்துக்குச் சந்தேகம் இருந்தது.

ஸ்டே யாருக்கு லாபம்?

தடை உத்தரவு வந்தால் ஆஸ்பத்திரியை யார் துடைப்பது? ஒருநாள்கூட நிறுத்த முடியாத வேலை இது. அதனால் வழக்கமாகப் பழைய ஒப்பந்தக்காரருக்கே நீட்டிப்பு போகும். ஆக, வழக்குப் போட்டவரே பழைய ஒப்பந்தக்காரராக இருந்தால், தோற்கப் போகும் வழக்கிலும் அவருக்கு மாசா மாசம் பில் வரும். இந்தக் கணக்கு தெரியாதவர்கள் இந்தத் துறையில் யாரும் இல்லை. 2022-ல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில், ஜார்க்கண்ட் சாலைப் பணி தொடர்பாக, டெண்டர்களுக்கு எளிதில் தடை கொடுக்க வேண்டாம், பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடு கேட்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் மறுபக்கம், தப்பான ஆளுக்குப் போன டெண்டரும் ஓடிக்கொண்டே இருக்கும்.

விலைக்குள் இருக்கும் சம்பளம்

இந்த வழக்குகளில் வாதி, பிரதிவாதி எல்லாம் கம்பெனியும் அரசும்தான். தூய்மைப் பணியாளர் எங்கேயும் இல்லை. 11-வது பிரிவு மேல்முறையீடு டெண்டர் போட்டவருக்கு மட்டுமே, தொழிற்சங்கத்துக்கு அந்தக் கதவு கிடையாது.

ஆனால் அடி விழுவது அவர்கள் மேல்தான். உதாரணத்துக்கு ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 390 ரூபாய். மொத்தம் 13,830. போனஸ், சீருடை, பினாயில் இன்னும் சேரவில்லை. இந்த நிலையில் ஒருவர் ஆளுக்கு 13,000 ரூபாய் என்று டெண்டர் போட்டு, குறைந்த விலை என்பதால் ஜெயித்தால், மீதி 830 எங்கிருந்து வரும்? பத்துப் பேர் வேலையை எட்டுப் பேர் பார்க்க வேண்டும், இல்லை பி.எஃப். கட்டப்படாது. இப்படிச் சேவைக் கட்டணமே இல்லை என்று போடும் டெண்டர்களை ஏற்கக் கூடாது என்று மத்திய நிதி அமைச்சகம் 2014 ஜனவரியிலேயே தன் துறைகளுக்குச் சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய், மருத்துவமனைத் தொற்று பயத்தில் 2008-ல் ஆஸ்பத்திரி சுத்தத்தைத் தனியாருக்குப் புதிதாகக் கொடுப்பதையே நிறுத்தியது.

ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால், வேலை வாங்கிய நிர்வாகமே கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதைக் கேட்க, டெண்டரில் தன் தலைக்கு என்ன ரேட் போட்டார்கள் என்று பணியாளருக்குத் தெரிய வேண்டுமே. ஆர்.டி.ஐ. போடலாம், பதில் தர 30 நாள் அவகாசம். டெண்டரை எதிர்க்கும் 10 நாள் அதற்குள் எப்போதோ முடிந்திருக்கும்.