பருத்ததா, வீங்கியதா?

சமையலறைத் தராசின் மீது ஒரு நெகிழிப் பெட்டி, பெட்டிக்குள் நீர், நீருக்குள் ஒரு வெளிர்மஞ்சள் தவளை. சென்ற ஞாயிறு நான் பகிர்ந்த இந்தப் படத்தின் கீழ், ‘சொல்லடைவை விட்டுவிட்டுத் தவளையை நிறுக்கத் தொடங்கிவிட்டீர்களா?’ என்று ஆய்வு நண்பர்கள் பலர் கேட்டிருந்தனர். கேலிதான். ஆயினும் விடை சொல்லத் தோன்றுகிறது. அந்தத் தராசு, ஒரு தவளை இறந்த பிறகு வாங்கியது.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் மைசூருவில் ஒரு வண்ணமீன் கடையில் இரண்டு நீர்த்தவளைக் குஞ்சுகளை வாங்கினேன். குட்டை இனம், கட்டைவிரல் அளவுக்கு மேல் வளராது என்றார் கடைக்காரர். ஓராண்டு முடிவதற்குள் இரண்டும் உள்ளங்கையை நிறைத்தன. அவை குட்டைத் தவளைகள் அல்ல. செனோபஸ் லேவிஸ் என்னும் ஆப்பிரிக்க நகத்தவளைகள். குஞ்சுப் பருவத்தில் இரண்டு இனங்களையும் குழப்பிக்கொள்வது எளிது. முன்கால் விரல்களைப் பார்த்தால் போதும்: குட்டை இனத்திற்கு விரலிடைச் சவ்வு உண்டு, நகத்தவளைக்கு இல்லை. இதை நான் அறியவில்லை. அறியாவிட்டாலும் தராசு சொல்லியிருக்கும். குட்டைத் தவளை வளர்ந்து முடிந்தாலும் சில கிராம்தான். நகத்தவளைப் பெண் நூறு கிராமைத் தாண்டக்கூடியது. மூன்றாம் மாதத்திலேயே ஒருமுறை நிறுத்திருந்தால் என் தொட்டியில் இருப்பது எது என்று தெரிந்திருக்கும்.

பதினான்காம் மாதத்தில் இரண்டில் ஒன்று உருண்டு திரண்டது. அறைக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினர். வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் ‘தப்ப ஆகிதெ’ என்று மகிழ்ந்தார். நானும் ‘நன்றாக ஊதிவிட்டது’ என்று சொல்லிக்கொண்டேன். மொழியியல் படித்தவள் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். தமிழில் பருத்தல், கொழுத்தல், வீங்குதல், உப்புதல் எல்லாம் தனித்தனிச் சொற்கள். ஆனால் பேச்சு வழக்கில் ‘ஊதிவிட்டது’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் உடல்நலமும் நோயும் ஒருசேர அடங்கிவிடுகின்றன. சொல் என்னை ஏமாற்றியது என்று சொல்லமாட்டேன். நான் பார்க்க விரும்பியதற்கு அது இடம் கொடுத்தது.

அம்மாவிடம் தொலைபேசியில் இதைப் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே: “ஏங்கண்ணு, எடை போட்டியா? அது சதையா, நீரா?”

என் அம்மா பென்னாகரம் வட்டாரத்தில் அங்கன்வாடிப் பணியாளர். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. அதன் மிக எளிய, மிகச் சலிப்பூட்டும் பணி, ஒவ்வொரு குழந்தையையும் மாதந்தோறும் நிறுத்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பது. உத்தரத்தில் தொங்கும் தராசில் அழுதுகொண்டே ஆடும் குழந்தைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். மெலிந்த குழந்தையைத் ‘தேரை விழுந்த பிள்ளை’ என்று மந்திரிக்கத் தூக்கிச் செல்லும் ஊரில், அம்மா புள்ளிகளைக் காட்டி வாதிட்டுக்கொண்டிருந்தார். அதைவிடக் கடினம், மெலியாத குழந்தையின் தாயிடம் வாதிடுவது. ஊட்டக்குறைவு முற்றிய சில குழந்தைகளின் உடலில் நீர் கோத்துக்கொள்ளும். கன்னம் உப்பும், எடை குறையாது. பார்ப்பவர் கண்ணுக்குக் கொழுகொழுவென்றிருக்கும். அதனால் பெருவிரலால் மேற்பாதத்தை அழுத்தி எடுத்துக் குழி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களிலும் குழி நின்றால், தராசு என்ன காட்டினாலும் அந்தக் குழந்தை கடுமையான ஊட்டக்குறைவுக்கு உள்ளானது என்றே கொள்ளப்படும்.

தவளைக்கும் அதுவே நேர்ந்திருந்தது. தொண்டையும் தொடையும் சேர்ந்து உப்பியிருந்தன. தோல் விறைத்துப் பளபளத்தது. நீரின் அடியில் கிடக்க வேண்டியது மிதக்கத் தொடங்கியது. நான் அணுகிய கால்நடை மருத்துவர், தவளைக்கு மருத்துவம் பார்த்துப் பழக்கமில்லை என்று ஒளிவின்றிச் சொல்லிவிட்டு, முதலில் கேட்டது இது: “ஒரு மாதத்துக்கு முன் எடை எவ்வளவு?” என்னிடம் விடை இல்லை. எப்போது தொடங்கியது, எவ்வளவு விரைவாக ஏறியது, மருந்தை எந்த எடைக்குக் கணக்கிடுவது, எதற்கும் விடை இல்லை. எட்டு நாளில் அது இறந்தது. நிறுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. சிறுநீரகக் கோளாறோ நுண்ணுயிர்த் தொற்றோ முற்றிய பின் தவளையின் உடலில் நீர் கோப்பது பெரும்பாலும் மீளாத நிலை. ஆனால் என்னால் சொல்ல முடிந்ததெல்லாம் ‘நன்றாகத்தான் இருந்தது’ என்பது மட்டுமே. முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சொல்லின் ஒவ்வொரு வருகையையும் நாளிட்டுக் குறித்துவைப்பவள் அப்படிச் சொல்லி நின்றது இன்னும் உறுத்துகிறது.

இந்த உயிரினத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு முரண் தெரியும். 1930களிலிருந்து சில பத்தாண்டுகள், கருவுற்றிருக்கிறோமா என்பதைப் பெண்கள் இந்தத் தவளையின் வாயிலாகவே அறிந்தனர்; கருவுற்ற பெண்ணின் சிறுநீரை ஊசிவழி ஏற்றினால் பெண் தவளை சில மணி நேரத்தில் முட்டையிடும். ஜான் கர்டன் இதன் முட்டையில் நடத்திய உட்கரு மாற்று ஆய்வுகள் அவருக்கு 2012இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தன. உலகின் ஆய்வகங்களில் இதைப் போல் அளக்கப்பட்ட உயிரினங்கள் சிலவே. அதே தவளை வீட்டுத் தொட்டிக்கு வந்ததும், ‘அழகாக இருக்கிறது’ என்பதற்கு மேல் எவரும் எதையும் குறிப்பதில்லை. (இந்தக் குடும்பத்துத் தவளைகளுக்கு நாக்கும் கிடையாது. மொழியியல் மாணவிக்கு வாய்த்த துணை!)

நிறுப்பது கடினமன்று. தவளையைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை, பிடிக்கவும் கூடாது. அதன் தோல் மூச்சுவிடும் உறுப்பு, மேலுள்ள வழவழப்பு அதன் காப்பு. குளோரின் நீங்க ஒரு நாள் திறந்துவைத்த குழாய்நீரைப் பெட்டியில் ஊற்றி, தராசில் வைத்துச் சுழியாக்க வேண்டும். மென்மையான வலையால் தவளையை எடுத்து, நீர் வடியும்வரை நொடிப்பொழுது பொறுத்து, உள்ளே விட்டு மூட வேண்டும். காட்டும் எண்ணே எடை. வாரத்தின் ஒரே நாள், உணவிடுவதற்கு முன். வளர்ந்து முடிந்த தவளைக்கு மாதம் இருமுறை போதும்; அதற்கு மேல் நிறுப்பது நம் மனநிறைவுக்காகவே இருக்கும். அடிக்குச்சியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து ஒரு படம் எடுத்தால் நீளமும் கிடைத்துவிடும். நீளம் இல்லாத எடைக்குப் பாதிப் பொருள்தான்.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஆண்டு கற்றேன். எஞ்சியிருக்கும் தவளை மூன்று வாரத்தில் 84 கிராமிலிருந்து 88, பிறகு 97 கிராம் என ஏறியது. உணவில் மாற்றமில்லை. இதற்கும் அதே நோய் என்று முடிவுகட்டி இரவெல்லாம் விழித்திருந்தேன். பதிவேட்டின் அடுத்த பத்தியைப் படிக்கப் பொறுமை வந்தது விடிந்த பிறகுதான்: தொண்டை ஒட்டியிருந்தது, கால்களில் உப்பலில்லை, பருமன் முழுவதும் இடுப்பைச் சுற்றியே, உணவைக் கண்டதும் பாய்ந்தது. முட்டை கட்டியிருந்தது, அவ்வளவே. அடுத்த வாரம் தொட்டியின் அடியில் முட்டைகள் சிதறிக் கிடந்தன, எடை 86. நீரும் முட்டையும் கொழுப்பும் தராசுக்கு ஒன்றே. அவற்றைப் பிரித்தறிவது பக்கத்தில் எழுதிவைத்த குறிப்புகள்தாம்.

தவளைக்கெல்லாம் இவ்வளவா என்போருக்கு ஒன்று. நன்கு பேணினால் நகத்தவளை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். உங்கள் ஆய்வேட்டையும் அதற்குப் பின்வரும் தற்காலிகப் பணிகளையும் கடந்து வாழக்கூடும். விற்கும் கடை அதன் சரியான பெயரையும், வளர்ந்த பின் இருக்கும் எடையையும், ஆயுளையும் ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. எதிர்பாராமல் பெரிதாகிவிட்ட தவளையின் அடுத்த இருப்பிடம் பெரும்பாலும் ஏரி. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கும் போதெல்லாம் இந்த அச்சம் எனக்கு வருவதுண்டு. சிலி, பிரான்சு, போர்ச்சுகல் நீர்நிலைகளில் இது ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையை, தான் நோயுறாமலே சுமக்கவும் வல்லது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் அந்தப் பூஞ்சை கண்டறியப்பட்டுள்ளது. இதற்கு மேலும் நாம் சேர்க்க வேண்டியதில்லை. தொட்டி நீரைக்கூட நான் பூந்தொட்டிகளில்தான் ஊற்றுகிறேன்.

மைசூருவிலோ பெங்களூருவிலோ நகத்தவளை வளர்த்து, ஓராண்டுக்கு மேல் எடை குறித்துவைத்திருப்பவர் எவரேனும் இருந்தால் எழுதுங்கள். சித்திரை வெயிலில் தொட்டி நீர் 26 பாகையைத் தொடும் வாரங்களில் என்னுடையது உணவைக் குறைத்துக்கொள்கிறது. உங்களுடையதும் அப்படித்தானா என்று ஒப்பிட வேண்டும். இந்த ஞாயிறு 89 கிராம், தொண்டை ஒட்டியிருக்கிறது.