குண்டு விமானத்தின் வாரிசு

ஆகுர்டி என்றதும் நினைவுக்கு வருவது பஜாஜ் ஆட்டோ. இரண்டாம் உலகப்போர் என்றால் யாருக்கும் ஆகுர்டி நினைவுக்கு வராது. போரின் தடத்தைத் தேடுகிறவர்கள் மின்சார ரயிலில் அடுத்த நிலையமான தேஹு ரோடில் இறங்குவார்கள். அங்கே ராணுவக் கிடங்கு இருக்கிறது. அதை நம்பி வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் ஐரோப்பாவின் அந்தப் போர் இந்திய வீட்டு வாசல் வரை வந்து நின்றது ஆகுர்டி வழியாகத்தான்: ஸ்கூட்டராக.

இத்தாலியின் பியாஜியோ கம்பெனி 1884ல் ஜெனோவா அருகே கப்பல்களுக்கு மரவேலை, உள் அலங்காரம் என்று தொடங்கியது. பிறகு ரயில் பெட்டிகள். முதல் உலகப்போர் அதை விமானத் தொழிலுக்குள் இழுத்தது. அந்தப் போரில் இத்தாலி வெற்றி பெற்ற அணியில்தான் இருந்தது. சுமார் 6 லட்சம் வீரர்களைப் பலி கொடுத்தும் சமாதான மேஜையில் தனக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற குமுறல் மிஞ்சியது. கூடவே விலையேற்றம், வேலையின்மை, வேலைநிறுத்தங்கள். 1922ல் முசோலினி ஆட்சிக்கு வந்ததற்கு இந்தக் குமுறல் பெரிய உரம். போருக்குக் காரணம் ஹிட்லர் என்று ஒரே வரியில் முடித்துவிடும் பள்ளிப் பாடங்களில் இத்தாலிக்கு ஓரமாகத்தான் இடம். 1935ல் எத்தியோப்பியா மீது படையெடுத்து, விஷவாயு வரை பயன்படுத்தியும், சர்வதேச சங்கம் பெட்ரோலைத் தொடாத அரைகுறைத் தடையோடு நிறுத்திக்கொண்டது. அடுத்தவன் நாட்டைப் பறித்தால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது என்ற பாடத்தை ஹிட்லரும் கவனித்துக்கொண்டிருந்தார்.

அரசாங்கம் போரை விரும்பும்போது தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் வருகிறது. டஸ்கனி பகுதியில் ஆர்னோ நதிக்கரை ஊரான பொன்டேடெராவில் இருந்த பியாஜியோ ஆலை, விமான எஞ்சின்களையும் பி.108 என்ற நான்கு எஞ்சின் குண்டு விமானத்தையும் தயாரித்தது. 1940 ஜூன் 10ல் இத்தாலி போரில் குதித்தது. 1941 ஆகஸ்டில் பீசா அருகே ஒரு பி.108 விழுந்து நொறுங்கியதில் இறந்தவர்களில் ஒருவர் முசோலினியின் மகன் புரூனோ. 1943, 44ல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் பொன்டேடெரா ஆலை தரைமட்டமாயிற்று. தப்பிய இயந்திரங்களும் ஆட்களும் வடக்கே பியெல்லாவுக்குப் போனார்கள்.

அதே 1944ல் அதே ஆர்னோ நதிக்கரையில், ஃபிளாரன்ஸ் பகுதியில், மராட்டா லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். கொங்கணத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான யஷ்வந்த் காட்கே அந்த ஜூலையில் இத்தாலியின் மோன்டோனேயில் இறந்து விக்டோரியா கிராஸ் பெற்றார். இத்தாலியில் உயிர்விட்ட இந்திய வீரர்கள் 5,700 பேருக்கும் மேல். எந்தக் காரணத்துக்காக அந்தப் போர் மூண்டது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சேரலாமா என்று அவர்களுடைய நாட்டையும் யாரும் கேட்கவில்லை.

போர் முடிந்தபோது பியாஜியோவிடம் இருந்தது தகடு வளைக்கத் தெரிந்த தொழிலாளர்களும், விமானம் செய்யத் தெரிந்தும் செய்ய வழியற்ற பொறியாளர்களும்தான். தோற்ற நாட்டுக்கு விமானத் தொழில் மறுக்கப்பட்டது. சாலைகள் குண்டுக் குழிகளாகக் கிடந்தன. காருக்கு யாரிடமும் காசில்லை. முதலாளி என்ரிகோ பியாஜியோ மலிவான ஒரு வண்டி கேட்டார். முதலில் வந்த மாதிரி அவருக்குப் பிடிக்கவில்லை. பொறுப்பு கொராதினோ டஸ்கானியோ என்ற பொறியாளரிடம் போயிற்று. இவர் 1930லேயே ஹெலிகாப்டர் பறக்கவிட்டு உலக சாதனை படைத்தவர். மோட்டார் சைக்கிளைக் கண்டாலே ஆகாது.

ஆகாது என்பதே வசதியாகப் போயிற்று. செயின் எண்ணெய் உடையில் படக்கூடாது. எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய் மூடினார். காலைத் தூக்கிப் போட்டு ஏறக்கூடாது. நடுவில் வழி விட்டார். விமானத்தைப் போல மேல்தகடே எலும்புக்கூடாகவும் இருந்தது, தனிச் சட்டம் கிடையாது. முன்சக்கரத்தை ஒரே பக்கத்தில் பிடிக்கும் கை, விமானத்தின் இறங்கு சக்கரத்தை நினைவூட்டுவது. அதனால்தான் பஞ்சரானால் கார் போல சக்கரத்தைக் கழற்றி மாட்ட முடிந்தது. நம் ஊர் ஸ்கூட்டர்கள் முதுகில் சுமந்த ஸ்டெப்னியின் பூர்வீகம் இதுதான். (ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸ் நாட்டு ஊர் ஒன்றின் தெருப் பெயர் என்பது வேறு கதை.)

1946 ஏப்ரல் 23ல் ஃபிளாரன்ஸில் காப்புரிமைக்குப் பதிவானது வெஸ்பா. அந்த வருடம் விற்றது 2,484; அடுத்த வருடம் 10,535; பத்தே வருடத்தில் 10 லட்சம் வண்டிகள் வெளியே வந்துவிட்டன. இத்தாலியப் பெண்கள் தேசிய அளவில் முதன்முதலாக வாக்களித்து முடியாட்சியை அனுப்பிவைத்ததும் அதே 1946ல்தான். பாவாடையோடு ஓட்டக்கூடிய வண்டி அவர்களுக்குச் சரியான நேரத்தில் வந்தது. 1948ல் அதன் மூன்று சக்கரத் தம்பி ‘ஆப்பே’ வந்தது. நம் ஆட்டோ ரிக்‌ஷாவின் மூதாதை.

இந்தியப் பக்கம் கதையில் ஒரு முரண். காந்தி தன் ஐந்தாவது மகனாகக் கருதிய ஜம்னாலால் பஜாஜின் குடும்பம், 1945 நவம்பரில், போர் முடிந்து மூன்றே மாதத்தில், பச்ராஜ் டிரேடிங் கார்ப்பரேஷனைத் தொடங்கியது. 1948ல் ஸ்கூட்டர் இறக்குமதி, 1959ல் தயாரிப்பு லைசென்ஸ், 1960ல் ஆகுர்டியில் பூமி பூஜை. அகிம்சைக்காரரின் வாரிசுகள் குண்டு விமானக்காரரின் வரைபடத்தை வாங்கினார்கள். அதே ஆகுர்டியில் பஜாஜ் டெம்போவும் (இன்று ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) ஆலை வைத்தது. டெம்போ என்பது ஹாம்பர்க் நகரத்து விடால் கம்பெனியின் மூன்று சக்கர வண்டிப் பெயர். சின்ன சரக்கு வண்டி எதுவானாலும் ‘டெம்போ’ என்கிறோமே, அந்தப் பெயரும் தோற்ற நாடு ஒன்றிலிருந்து வந்ததுதான். தோற்றவர்கள் மட்டுமே கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் மோரிஸ் அம்பாசடரானது, திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்தது. ஆனால் நடுத்தர வர்க்கம் கைக்கெட்டும் என்று நம்பியது ஸ்கூட்டரை.

கைக்கு எட்டவும்தான் பத்து வருடம் ஆயிற்று. அன்னியச் செலாவணிப் பஞ்சம், லைசென்ஸ் கட்டுப்பாடு, உற்பத்திக்கு வரம்பு. மகன் பள்ளியில் சேரும்போது பதிவு செய்தால் அவன் கல்லூரிக்குப் போகும்போது வண்டி வரும் என்பது ஏறக்குறைய உண்மை. டாலரில் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்பதால் வெளிநாட்டு உறவினர்களுக்குத் திடீர் மரியாதை. பழைய வண்டி புதியதைவிட அதிக விலைக்குப் போனது. வரதட்சணைப் பட்டியலில் ஸ்கூட்டர் ஏறியது. பியாஜியோவுடனான ஒப்பந்தம் 1971ல் முடிந்ததும், வண்டி ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரில் சேத்தக் ஆனது. அப்பா ஓட்ட, முன்னால் பையன் நிற்க, பின்னால் அம்மா கைக்குழந்தையோடு ஒருக்களித்து உட்கார்ந்து போகும் காட்சி, நகரத்துக்கு நகரம் அப்படியே இருந்தது. ஐரோப்பாவில் பெண் ஓட்டுவதற்காக விட்ட நடு வழியில் நாம் கேஸ் சிலிண்டரை வைத்தோம். இங்கே பெண்கள் பரவலாக முன் சீட்டுக்கு வர, 1980களின் நடுவில் கியரில்லாத, பட்டன் ஸ்டார்ட் ஸ்கூட்டர் வரவேண்டியிருந்தது.

போர் இப்படி நல்லதும் செய்யும் என்று யாராவது இதைக் காட்டினால் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. டஸ்கானியோவின் திறமை 1930லேயே இருந்தது. போர் அதைக் குண்டு விமானக் கம்பெனியில் முடக்கியது; தோல்வி அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அவர் கடைசி வரை ஏங்கியது ஹெலிகாப்டருக்குத்தான்.

ஆகுர்டியில் 2007 செப்டம்பரில் வண்டி உற்பத்தி நின்றது. உத்தராகண்டில் வரிச்சலுகை, மகாராஷ்டிரத்தில் வரிச்சுமை என்பது நிர்வாகத்தின் கணக்கு. வயதான தொழிலாளர்களின் கணக்கு வேறாக இருந்தது. ஊரோடு ஊராக வளர்ந்தவர்களுக்கு மாற்றல் என்பது வேலை போனதற்குச் சமம். 2009ல் பஜாஜ் ஸ்கூட்டரையே கைவிட்டது. பிறகு 2012ல் அசல் வெஸ்பாவை பியாஜியோவே இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கியது, அதே புனே மாவட்டத்து பாராமதியில். 2022ல் ஆகுர்டி ஆலை மறுபடி திறந்தது. இப்போது அங்கே தயாராவது மின்சார சேத்தக். சாய்த்துப் பிடித்து உதைக்க வேண்டாம். ஸ்டெப்னியும் கிடையாது.