கிழக்கின் பெயரில் ஓர் அணி எப்போது?



லங்கா பிரீமியர் லீக் 2020 இல் ஆரம்பித்தது. 2024 வரை நடந்த ஐந்து தொடர்களில் நான்கில் யாழ்ப்பாணம் சம்பியன். திருகோணமலையிலிருந்து நாமும் அந்த அணிக்குத்தான் கைதட்டினோம். 2024 இறுதிப் போட்டியில் ரைலி ரூசோ சதமடித்து, காலி அணியை 9 விக்கெட்டுகளால் வீழ்த்தியபோது, நாமே வென்றதுபோல மகிழ்ந்தோம்.

ஆனால் அணிகளின் பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம். கிழக்கு எங்கே? அந்த ஐந்து தொடர்களில் ஒரு போட்டிகூட கிழக்கு மண்ணில் நடக்கவில்லை.

"அது காசுக்காரர்களின் வியாபாரம். பெயரில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ரூசோ தென்னாபிரிக்கர். கிண்ணத்தைத் தூக்கிய தலைவர்கள் திசர பெரேராவும் சரித் அசலங்கவும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் அல்லர். ஆனாலும் ஓர் ஊரின் பெயரைச் சுமக்கும் அணி, அந்த ஊர்ப் பிள்ளை ஒருவனையாவது தேட வேண்டியிருக்கிறது. யாழ். மத்திய கல்லூரி மாணவன் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் அப்படித்தான் களமிறங்கினார். அப்போது அவருக்கு வயது 18. 2024 இல் அவர் ஐ.பி.எல். தொடரில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகப் பந்துவீசினார். பெயரில் இருப்பது இதுதான்.

சிறிய ஊர் என்பதும் ஒரு காரணமல்ல. 2025 என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதித் தொடரில் மோதியவை நியூயோர்க்கோ லொஸ் ஏஞ்சல்ஸோ அல்ல. ஒக்லஹோமா சிட்டியும் இந்தியானாவும்தான். ஏழு போட்டிகள் வரை இழுபட்ட தொடரை ஒக்லஹோமா 4-3 என வென்றது. அந்த நகரத்துக்கு அணி கிடைத்தது 2008 இல். கிண்ணம் வர 17 வருடங்கள் பிடித்தன.

இனி நம் பக்கத்தையும் பேசுவோம். நாளைக்கே ஓர் அணி தந்தால் அதில் விளையாட நம்மிடம் யார் இருக்கிறார்கள்? யாழ். மத்திய கல்லூரியும் சென்.ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் கடினபந்தில் மோதுகின்றன. வியாஸ்காந்த் அந்தப் பாரம்பரியத்தின் பிள்ளை. நம் கழகங்களோ பெரும்பாலும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளோடு நின்றுவிடுகின்றன. ஜேர்சி, கிண்ணம், ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் காசு சேர்கிறது. கடினபந்துப் பயிற்சிக்கு ஒரு விரிப்பு வாங்கவும் வலை கட்டவும் மட்டும் சேர்வதில்லை. மென்பந்தில் சிக்சர் அடிக்கும் நம் பிள்ளை, தெரிவுப் போட்டியில் கடினபந்தைக் கண்டதும் தடுமாறுகிறான். அது அவன் குற்றமல்ல. எட்டாம் ஆண்டிலேயே டியூசனுக்காக அவனுடைய துடுப்பை வாங்கி வைக்கும் பெற்றோரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாலையில் ஒரு மணித்தியால விளையாட்டு ஓ.எல். பெறுபேற்றைக் குறைத்துவிடாது.

எனவே இரண்டு வேலைகள். முதலாவது, கிண்ணியா, மூதூர், புல்மோட்டை, நகரம் என எல்லா இடத்துக் கழகங்களும், தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து, 13 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு கடினபந்துத் தொடரை ஆரம்பிப்போம். மக்கெய்சர் மைதானம் நம்மிடம் இருக்கிறது. இரண்டாவது, வாக்குக் கேட்டு வரும் அரசியல்வாதிகளிடம் கிழக்குக்கு ஓர் அணியும் ஒரு போட்டியும் கேட்போம். பிள்ளைகளைத் தயார்படுத்திவிட்டுக் கேட்டால் நம் குரலுக்குப் பலம் அதிகம்.

கழகப் பொறுப்பாளர்களே, விரிப்புக்கு எவ்வளவு முடியும், எந்த மாதம் தொடங்கலாம் என்று கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், இந்தப் பாடசாலை விடுமுறைக்குள் ஒன்றுகூடிப் பேசுவோம்.